சவர்த் தண்ணியும் கலாநிதிப் பட்டமும்

நெடுந்தீவிலிருந்து புறப்படும் காலைப் படகைத் தவறவிட்டால் அன்றைய யாழ்ப்பாணத்து அலுவல் முழுவதும் தவறிப்போகும் என்பதை அறிந்தே வளர்ந்த நான், ஆராய்ச்சிப் பதவி தேடியபோது மாத்திரம், எந்தத் துறைமுகத்தில் எந்தப் படகு நிற்கிறதென்று விசாரியாமலே புறப்பட்டுவிட்டேன். விஞ்ஞானப் பட்டம் பெற்ற புதிதில் ஒரே கடிதத்தைப் பெயரை மாத்திரம் மாற்றி முப்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். அவற்றுள் இரண்டில் பெயரையும் மாற்றவில்லை என்பது பின்னரே தெரியவந்தது. பதில் வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் என்னோடு காத்துநின்ற சிநேகிதர் இருவரின் அனுபவம் வேறுவிதமானது. கணிதம் கற்றவன் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தான்; அங்கே பெரும்பாலும் தனிப்பட்ட பேராசிரியரன்றித் துறையின் குழுவே மாணாக்கரைத் தெரிவுசெய்வதாலும், முதலாண்டுகளின் சீவனோபாயம் கற்பித்தல் உதவியாளர் பணியாலேயே கிடைப்பதாலும், அவன் எழுதிய தனிக்கடிதங்களைவிட ஆசிரியர்களின் சிபாரிசுகளே அவனைக் கரைசேர்த்தன. இரசாயனம் கற்றவன் நாடியது ஜெர்மனியை. அங்கே கலாநிதிப் பட்ட ஆய்வென்பது அநேகமாகச் சம்பளமும் ஒப்பந்தமும் உள்ள உத்தியோகம், விளம்பரம் பார்த்தும் விண்ணப்பிக்கலாம். ஜப்பானிய அரசின் புலமைப்பரிசிலைப் பல்கலைக்கழகச் சிபாரிசு வழியாகப் பெற விரும்புவோர், முதலில் ஒரு பேராசிரியரின் சம்மதத்தைப் பெறுவது அவசியம். உள்நாட்டில், மானியம் பெற்ற ஆய்வொன்றில் தற்காலிக உதவியாளராகச் சேர்வதை இழிவாக எண்ணவேண்டாம். வெளிநாட்டுக்கு எழுதும் சிபாரிசுக் கடிதங்கள் அங்கேதான் பிறக்கின்றன.

என் விஷயத்தில் எனக்குக் கைகொடுத்தது எங்கள் வளவுக் கிணறு. "சோழகம் பிறந்திட்டுது, இனி இது சவர்க்கும்" என்று அம்மம்மா நாக்கினால் அறிந்து சொன்னதையே, ஒல்லாந்தராகிய பதோன் கெய்பன் 1880களிலும், ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பெர்க் நோர்டர்னே என்னும் தீவை ஆராய்ந்து 1901இலும் கணக்காக்கினார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. மேலே சிறிது இறைத்தாலும் கீழிருந்து உவர் எழும். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி, மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தைப் பதினான்கு மாதம் அப்பியாசக் கொப்பியில் குறித்திருந்தேன். அதைப் பொருட்டாக எண்ணாதிருந்தது என் மடமை. முப்பத்தோராவது கடிதத்தில், என்னைப் பற்றி நான்கே வரியும் அந்தக் கணக்கின் வரைபடமும் இருந்தன. அது சென்றது, எங்கள் தீவுக்குத் தங்கள் டெல்ஃப்ற் நகரின் பெயரைச் சூட்டிய அதே ஒல்லாந்து நாட்டுக்கு.

மூன்றாம் நாள் வந்த பதிலில் கேள்வி ஒன்றே: கயிறு நனைந்தால் நீளம் மாறுமே, அதற்கு என்ன செய்தீர்? ஒன்றும் செய்யவில்லை என்று உண்மையை எழுதிவிட்டு, கயிற்றை உலர்ந்தபடியும் நனைத்தும் அளந்து, கணக்கு முழுவதையும் திருத்தி அனுப்பினேன். அடுத்த மாரியில் கிணறுகளில் நீர் ஏறியபோது, அளப்பதற்கு நான் ஊரில் இருக்கவில்லை; தம்பிதான் அளந்து அனுப்பினான்.