ரேடியேட்டர் மாற்றப் போகும் தம்பிக்கு

ஆசைப்பட்டுப் பழைய அம்பாசிடர் வாங்கியிருக்கிறாய், சந்தோஷம். சித்திரை வெயிலில் வண்டி கொதிக்கிறது என்றதும் நீ கேட்கிற முதல் கேள்வி, "புது ரேடியேட்டர் என்ன விலை?" அதைக் கடைசியில் கேட்கலாம். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை.

1. கோளாறு ரேடியேட்டரில்தானா என்று பார். சிக்னலில் நிற்கும்போது மட்டும் வெப்பம் காட்டும் முள் ஏறி, வண்டி ஓடியதும் இறங்கினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அம்பாசிடரின் பி.எம்.சி. பெட்ரோல் எஞ்சினில் ஃபேன், வாட்டர் பம்ப்போடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவாக ஓடினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். பெல்ட்டும் தளர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். நெடுஞ்சாலையில் காற்று தாராளமாக அடிக்கும்போதும் முள் ஏறுகிறதா? அப்போது கோர், அதாவது ரேடியேட்டரின் ட்யூப்கள் உள்ள நடுப்பகுதி, அடைத்திருக்கிறதா என்று சந்தேகப்படு. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய். விடாமல் குமிழி கிளம்பினால் அநேகமாக ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. அதற்கு நீ எந்த ரேடியேட்டர் வாங்கினாலும் காசு தண்டம்.

2. வண்டி நன்றாகச் சூடானதும் எஞ்சினை அணைத்துவிட்டு, கோர் முழுக்கக் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார். மற்ற இடமெல்லாம் சுடும்போது ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே ட்யூப் அடைத்திருக்கிறது.

3. பழையதைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போ. அம்பாசிடர் 2014 வரை வந்த வண்டி. 1489 சிசி பெட்ரோல், டீசல், பிறகு இசுசு என்று உள்ளே எஞ்சின் மாறிக்கொண்டே வந்தது. சென்னை ஜி.பி. ரோட்டில் போய் "அம்பாசிடர் ரேடியேட்டர் ஒன்று கொடுங்கள்" என்றால் கடைக்காரர் எதைத்தான் எடுத்துத் தருவார்? மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் வாய் எந்தப் பக்கம், என்ன விட்டம், போல்ட் ஓட்டைகள் எங்கே, தண்ணீர் இறக்கும் குழாய் இருக்கிறதா என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார். புதியது வண்டியில் உட்காரும்வரை பழையதை எடைக்குப் போடாதே.

4. பித்தளையா, அலுமினியமா? இதில் எனக்குப் பட்சபாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். செம்பு அலுமினியத்தைவிட வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் அதை வைத்துச் செம்பு-பித்தளை ரேடியேட்டர்தான் அதிகம் குளிர்விக்கும் என்று சொல்பவர்களை நம்பாதே. அலுமினியத்தில் ட்யூபை அகலமாகச் செய்ய முடியும், எடையும் குறைவு. குளிர்விப்பதில் அது சளைத்ததில்லை. நான் பித்தளையைச் சொல்வது வேறு காரணத்துக்காக. அது ஒழுகினால் சின்ன ஊரிலும் ஈயம் வைத்துப் பத்திக் கொடுக்க ஆள் கிடைப்பார். அலுமினியக் கோரின் தலையில் பிளாஸ்டிக் டாங்கை மடக்கிப் பொருத்தியிருப்பார்கள்; வருஷக்கணக்கில் சூடுபட்டு அந்தப் பிளாஸ்டிக் விரிந்தால் பெரும்பாலும் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிற நம் பழக்கத்தை அலுமினியம் பித்தளை அளவுக்குப் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே உன் வண்டியின் மேல் டாங்க், கீழ் டாங்க் நன்றாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு கோரை மட்டும் புதிதாகப் போடு. பொருத்தம் பார்க்கும் தலைவலியே இல்லை. டாங்க் அரித்துப் போயிருந்தால் புதுப்பேட்டையில் தேடு. அங்கே கிடைக்கும் பழைய ரேடியேட்டரை டாங்குக்காக வாங்கலாம். அதன் கோரை நம்பி வாங்காதே.

5. "மூன்று வரிசைக்குப் பதில் நான்கு வரிசை போட்டுத் தருகிறேன்" என்று கோர் போடுபவர் சொல்வார். உடனே தலையாட்டாதே. முன் வரிசைகளைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும். பின் வரிசை கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் மாதிரி, மிச்சம்தான் கிடைக்கும். கோர் தடித்தால் காற்று புகுவதும் சிரமம், ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் உள்ள இடைவெளியும் குறையும். ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர் பொருத்தியிருந்தால் யோசிக்கலாம். அப்போதும் ஃபேனை முதலில் கவனி.

6. மூடியை அலட்சியம் செய்யாதே. சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காது. அப்படியென்றால் 15 பவுண்டு மூடி போடலாமே என்று தோன்றும். பழைய ஹோஸும் பழைய பத்தும் அதைத் தாங்க வேண்டாமா? வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறதோ அதையே போடு.

7. கடையை விட்டுக் கிளம்புமுன், வாய்களை அடைத்துக் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டச் சொல். மறுத்தால் வேறு கடைக்குப் போ.

8. வழியில் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவார்கள். ஊர் வந்து சேர அது போதும், நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதே பொடி நல்ல ட்யூபையும் அடைக்கும். வந்ததும் கழுவிவிடு.

9. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார்" என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். கழற்றாதே. எஞ்சின் சரியாகச் சூடாகாமலே ஓடினால் பெட்ரோலும் வீண், தேய்மானமும் அதிகம். கெட்டிருந்தால் புதிது போடு.

10. போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு படிந்துதான் பாதி கோர்கள் அடைகின்றன. காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்டைக் கலந்து ஊற்று. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதே. செம்பு, பித்தளை, ஈயப் பத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் இருக்கிறதா பார். ஊற்றும்போது மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். மறுநாள் காலையில் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பிக்கொள். அதற்கு மறுநாளும் இறங்கினால் ஹோஸ் கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்.