ஈறும் உறவும்

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவன். வடார்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே இராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என இரண்டு ஊர்கள் உண்டு. அப்பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். முன்னே ஓர் ஆளின் பெயர்; நடுவே ‘மகன்’ எனப் பொருள்படும் ஆங்கில ஈறாகிய ‘சன்’; கடைசியில் நம் ‘பேட்டை’!

பேட்டை என்பதைக் கன்னடர் ‘பேட்டெ’ என்பர். தெலுங்கர் ‘பேட்ட’ என்பர். ஒலியும் பொருளும் ஒத்திருப்பதற்குக் காரணம், மூன்றும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதே.

‘சன்’ என்பதன் கதை வேறு. தந்தை பெயரோடு மகனைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் நமக்கும் உண்டு. சேரர்க்கு மகன் சேரமான். அதியர்க்கு மகன் அதியமான். ‘மகன்’ என்பதே ‘மான்’ எனச் சுருங்கிற்று. அசோகர் கல்வெட்டில் இவர்கள் கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் எனக் குறிக்கப்பெறுகின்றனர். 1981-இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியையே சத்தியபுத்திரன் என்கிறது. துருக்கியர் ‘ஓலு’ என்பர். ஜார்ஜியர் ‘ஷ்விலி’ என்பர். ஸ்டாலினின் குடும்பப் பெயர் ஜுகாஷ்விலி அன்றோ? ஆங்கிலம், தமிழ், துருக்கி, ஜார்ஜியம் ஆகிய நான்கும் வெவ்வேறு குடும்பங்கள். எண்ணம் ஒன்று, பிறப்பு வேறு. மகனைத் தந்தையால் அறிவது எங்கும் இயல்புதானே!

இனி என் பிழையைச் சொல்கிறேன். முதலாண்டில் மன்றக் கூட்டமொன்றில், “பெருமான், சேரமான் என்பவற்றின் ‘மான்’ தான் ஆங்கிலத்தில் ‘மேன்’ ஆயிற்று!” என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலைந்தபின் ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து, “தம்பி, மானுக்குள் ஒரு ககரம் மறைந்திருக்கிறதே, ஆங்கிலத்தில் அது எங்கே?” என்றார். விடையறியாது விழித்தேன்.

பெருமானின் பழைய வடிவம் பெருமகன். ஆங்கிலச் சொல்லோ பழங்காலத்திலும் ‘மன்’ என்றே இருந்தது; அதில் ககரத்தின் சுவடே இல்லை. பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் விலகுகின்றன. ‘சன்’ என்பதையோ பாருங்கள்: பழைய ஆங்கிலத்தில் அது ‘சுனு’, வடமொழியில் ‘சூனு’. இங்கே பின்னோக்கிச் செல்லச் செல்ல இரண்டும் நெருங்குகின்றன. உறவுக்கு இதுவே உரைகல்.

தமிழின் தொன்மைக்கு ஜம்பைக் கல்லே சான்று கூறும். அதற்குப் பொய்ச்சான்று எதற்கு? ஒரு பொய் வெளிப்பட்டால், நம் மெய்யையும் பிறர் ஐயுறுவர் அல்லவா?

எங்கள் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து கொணர்ந்த கல்லையும், பொடித்துச் சோதித்த பின்னரே அங்கே பொன்னென்று கணக்கில் எழுதினர். சொல்லாராயும் நாமும் அவ்வாறே செய்வோமாக!