அறுபது படியும் நமது முழங்காலும்

சுவாமிமலை முருகன் கோயிலுக்கு 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுக்கு ஒரு படி. நாற்பது வயதில் ஒரே மூச்சில் ஏறிய நாம், மணிவிழாவுக்குப் பின் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறோம். ஏன்?

முப்பது வயதுக்குப் பின் உடலின் தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்தத் தேய்மானம் கூடுகிறது. தசையைவிடப் பலம் விரைவாகக் குறைகிறது. தடுக்கினால் சட்டென்று காலை ஊன்றிச் சமாளிக்கும் வேகமோ அதற்கும் முன்பே குறைந்துவிடுகிறது. இதயத்தின் உச்சத் துடிப்பு, 220-லிருந்து வயதைக் கழித்தால் ஏறக்குறையத் தெரியும்: நாற்பதில் 180, அறுபதில் 160. பெண்களுக்குத் தசை இயல்பாகவே குறைவு. மாதவிடாய் நின்றபின் எலும்பும் வேகமாகத் தேய்கிறது. கடையில் நம்முடன் நிற்கும் வீட்டுப் பெண்கள் தவறி விழுந்தால் எலும்பு முறிவதற்கு இதுவே காரணம்.

ஆனால் எல்லாப் பழியையும் வயதின் மேல் போட முடியாது. மகன் பொறுப்பேற்றதும் நாம் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து விடுகிறோம். உழைக்காத கால் விரைவில் தளர்கிறது.

இழந்ததை மீட்கவும் முடியும். 1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடையுடன் காற்பயிற்சி தந்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சண்டிகர் மன் கௌர் அம்மையார் 93 வயதில் ஓடத் தொடங்கியவர். 2017-இல், 101 வயதில், ஆக்லாந்து உலக மூத்தோர் விளையாட்டில் 100 மீட்டரைச் சுமார் 74 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருவோம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தளர்ச்சி தொடங்கியிருக்கலாம்.

2. இப்படி எழுந்து உட்காருவதைக் காலை, மாலை பத்து முறை செய்வோம். தினமும் அரை மணி நடப்போம். இதயநோய், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கவும்.

3. 50 கிலோ மூட்டையைத் தனியே தூக்க வேண்டாம். 25 கிலோ சிப்பத்தையும் இருவராகப் பிடிப்போம்.

4. பருப்பும் கொண்டைக்கடலையும் நம் கடையிலேயே இருக்கின்றன. விற்பதோடு நாமும் தினம் சாப்பிடுவோம்.

அடுத்த கிருத்திகைக்குச் சுவாமிமலை போகும்போது எந்தப் படியில் நின்றோம் என்று குறித்துக்கொள்வோம். மூன்று மாதம் கழித்து மீண்டும் ஏறிக் கணக்குப் பார்ப்போம்.