ஆலங்கட்டி மழையில் கார் அடிபட்டால் க்ளெய்ம் வாங்குவது எப்படி?

சித்திரை, வைகாசியில் திருச்செங்கோட்டுப் பக்கம் மழை வரும் விதம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பகலெல்லாம் அனல் பறக்கும். சாயங்காலம் திடீரென்று வானம் கருத்து, முதலில் புழுதிக் காற்று அடிக்கும். பின்னாலேயே தறிக்கூடத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை படபடக்க ஆலங்கட்டி கொட்டும். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் புளியமரக் கிளை முறிந்திருக்கும், தென்னை மட்டை விழுந்திருக்கும், எங்கோ கட்டியிருந்த விளம்பரத் தகரம் பறந்து வந்திருக்கும். வைகாசி விசாகத் தேருக்குக் கூட்டம் கூடி, நிழல் கிடைத்த மரத்தடியிலெல்லாம் கார்கள் நிற்பதும் இதே பருவத்தில்தான்.

இப்படி அடிபட்ட காருக்குப் பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஒன்று, மழைக்கு முன்பு உங்கள் கையில் இருந்த பாலிசி. இரண்டு, மழை விட்ட பிறகு முதல் நாளில் நீங்கள் செய்தது.

பாலிசியில் எந்தத் தேதியைப் பார்ப்பது?

மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. உங்கள் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு அது பணம் கொடுக்கும். உங்கள் காரின் மேல் ஆலங்கட்டி விழுந்தால் ஒரு ரூபாய்கூட வராது. அதற்கு ‘ஓன் டேமேஜ்’ என்ற பகுதி வேண்டும். ஊரில் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று சொல்வது இரண்டும் சேர்ந்ததைத்தான். புயல், சூறாவளி, வெள்ளம், இடி மின்னல், ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு ஆகியவை ஓன் டேமேஜ் பகுதியிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆலங்கட்டிக்கென்று தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

ஏமாற்றம் வருகிற இடம் வேறு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் அதோடு கொடுக்கும் ஓன் டேமேஜ் பல பாலிசிகளில் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். தாளில் மூன்று வருடத் தேதியைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் இரண்டு வருசம் இருக்கு’ என்று டேஷ்போர்டுக்குள் போட்டுவிடுகிறோம். இரண்டாம் வருடக் கோடையில் கல்மழை அடித்த பிறகுதான் ஓன் டேமேஜ் போன வருடமே முடிந்தது தெரிகிறது. இதைப் படித்து முடித்ததும் பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். முடிந்திருந்தால் ஓன் டேமேஜை மட்டும் தனியாக எடுக்கலாம். விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்கும்போது வண்டியை நேரிலோ வீடியோவிலோ பரிசோதித்துவிட்டுத்தான் தருவார்கள். அதனால் வானம் கருத்த பிறகு ஏஜெண்டைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருக்கலாம். ஆனால் பாலிசி, காரை விற்றவர் பெயரிலேயே கிடக்கும். மூன்றாம் நபர் பகுதி தானாக உங்களுக்கு மாறிவிடும், ஓன் டேமேஜ் மாறாது. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஓன் டேமேஜ் தானாக மாறாது என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட் பொருத்தியிருந்தால் அதையும் பாலிசியில் ஏற்றியிருக்க வேண்டும்.

மழை விட்டதும்

காரைத் துடைக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள். தரையில் கிடக்கும் ஆலங்கட்டி கரைவதற்குள் அதன் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு நம்பர் பிளேட்டில் தொடங்கி, நிறுத்தாமல் காரைச் சுற்றி ஒரு வீடியோ. நிற்கும் இடம் அடையாளம் தெரிய வேண்டும். பின்னால் இருக்கும் கடைப் பலகை, தெருப் பெயர், முறிந்த மரம் எல்லாம் படத்தில் விழட்டும். மரம் விழுந்திருந்தால் அதை அப்புறப்படுத்துவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

ஆலங்கட்டிக் குழி நேராகப் பார்த்தால் தெரியாது, நடுப்பகல் வெயிலில் அறவே தெரியாது. காலைச் சாய்வு வெயிலில் பாருங்கள். அல்லது ராத்திரி ஷெட்டுக்குள் ஒரு நீளமான டியூப் லைட்டைப் பானெட்டுக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். தகரத்தில் விழும் அந்த வெளிச்சக் கோடு குழி இருக்கும் இடத்தில் நெளியும். நெளிகிற ஒவ்வொரு இடத்தையும் சுற்றிச் சாக்பீஸால் மெல்ல ஒரு வட்டம் போடுங்கள். டாப், பானெட், டிக்கி, கதவு என்று பகுதி பகுதியாக எண்ணிக் குறித்துக்கொண்டு படம் எடுங்கள். சர்வேயர் அவசரத்தில் பத்துக் குழியைப் பார்த்துவிட்டுப் போவதையும், ‘இது பழைய அடி’ என்று சொல்வதையும் இந்த ஒரு வேலை தடுக்கும். உண்மையிலேயே பழைய கீறல் இருந்தால் அதை இதில் சேர்க்காதீர்கள். ஒரு பழைய கீறல் பிடிபட்டால் போதும், மற்ற குழிகளையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள்.

கண்ணாடி உடைந்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேற்கொண்டு சேதமாகாமல் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு என்று பாலிசி நிபந்தனையே இருக்கிறது. விரிசல் விட்ட முன்கண்ணாடியோடு ஓட்டிப் போய் அது முழுவதும் நொறுங்கினால், கூடுதல் சேதம் உங்கள் கணக்கில்தான் வரும். ஓட்ட முடியாத நிலையில் இருந்தால் கட்டி இழுத்துப் போக அடிப்படைப் பாலிசியிலேயே 1,500 ரூபாய் வரை கிடைக்கும். பில் வாங்கி வையுங்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் கார் மூழ்கி நின்றிருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம். நீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்து அது உடைந்தால், அதை வெள்ளச் சேதமாக எடுத்துக்கொள்ள மறுப்பார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் இந்தத் தகராறு பலருக்கு வந்தது. என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருந்தால் இதற்கும் வழி உண்டு.

தகவல் கொடுப்பது, சர்வேயர் வருவது

அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில், பாலிசியில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு க்ளெய்ம் எண்ணை வாங்குங்கள். ஏஜெண்டிடம் சொன்னதோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுவனத்திடம் பதிவானால்தான் தகவல் கொடுத்ததாகும். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், கார் நின்றதா ஓடியதா என்பதை நடந்தபடியே சொல்லுங்கள். போனில் சொன்னதும் படிவத்தில் எழுதியதும் ஒத்துப்போக வேண்டும். ஆலங்கட்டிக்கோ மரம் விழுந்ததற்கோ பொதுவாகப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். தேவைப்படாது, யாருக்காவது காயம் பட்டிருந்தால் தேவை. மறுநாள் பேப்பரில் ஊர் பெயரோடு மழைச் செய்தி வந்திருந்தால் வெட்டி வையுங்கள்.

காரை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது என்று கேட்டு முடிவு செய்யுங்கள். நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள கேஷ்லெஸ் ஒர்க்‌ஷாப் ஈரோட்டிலோ சேலத்திலோ இருக்கலாம். உள்ளூர் டிங்கரிடமும் செய்யலாம். ஆனால் முதலில் நீங்கள் பணம் கட்டி, ஜி.எஸ்.டி. பில்லோடு பிறகு வாங்க வேண்டியிருக்கும். எங்கே விட்டாலும் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு போல்ட்டையும் கழற்ற விடாதீர்கள். அவர் வரும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஆர்.சி., பாலிசி, ஓட்டுநர் உரிமம், படிவம், ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஆகியவை கையில் இருக்கட்டும். கார் சும்மா நின்றிருந்தது என்றாலும் உரிமம் கேட்பார்கள்.

பெயிண்ட் உரியாத சின்னக் குழிகளுக்குப் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்க நான் சொல்லமாட்டேன். உள்பக்கமிருந்து கம்பியால் நெம்பி, பெயிண்ட் கெடாமல் குழியை எடுக்கும் முறை இருக்கிறது. கல்மழை அதிகமுள்ள நாடுகளில் அது ஒரு தனித் தொழில். 1999 ஏப்ரல் 14 அன்று சிட்னியில் பெய்த ஒரே ஆலங்கட்டி மழைக்கு ஆஸ்திரேலியக் காப்பீட்டு நிறுவனங்கள் சுமார் 170 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்தன. அந்த அளவுக்கு அங்கே இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கும் கார் விற்கும்போது நல்ல விலைக்குப் போகும். ஆள் கிடைத்தால் எஸ்டிமேட்டில் அதையே போடச் சொல்லுங்கள்.

எவ்வளவு வரும்?

பில் தொகை முழுவதும் வராது. தேய்மானம் கழிப்பார்கள். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம். தகரப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, இரண்டாம் வருடத்தில் 10, நான்காவதில் 25, ஐந்தாவதில் 35, ஐந்திலிருந்து பத்து வருடம்வரை 40 சதவீதம். பெயிண்டில் பொருள் செலவுக்கு மட்டும் பாதி கழியும். மொத்தமாகப் பில் போட்டிருந்தால் அதில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்துக்கொள்வார்கள்.

நாலரை வருடக் கார் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்கண்ணாடி 9,000, புது பானெட் 8,000, பம்பர் 6,000, பெயிண்டிங் 16,000. மொத்தம் 39,000 ரூபாய். கண்ணாடிக்கு முழுசாக 9,000 வரும். பானெட்டுக்கு 5,200, பம்பருக்கு 3,000, பெயிண்டிங்குக்கு 14,000. சேர்த்தால் 31,200. கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் கைக்கு வருவது 30,200. கண்ணாடி ஒட்டும் பசை போன்றவற்றுக்குத் தனிக் கவர் இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் தேய்மானம் கழியாது. காருக்கு ஐந்து வயது ஆகும்வரை அதை எடுப்பது நல்லது என்பேன். பழுதுச் செலவு பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுத்துக்கொண்டு ஐ.டி.வி. கணக்கில் தீர்ப்பார்கள்.

சின்ன அடிக்கு க்ளெய்ம் போடாமல் இருப்பதே லாபமாக இருக்கலாம். க்ளெய்ம் போடாத வருடங்களுக்குத் தரும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்றால், மறுபடி 50-ஐத் தொடும்வரை வருடா வருடம் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் 10,000 ரூபாய். க்ளெய்மில் வரும் தொகை இதைவிடக் குறைவென்றால் கைக்காசில் சரிசெய்துகொள்ளுங்கள். போனஸ் பாதுகாப்புக் கவர் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும்.

லாரி, ரிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. லாரி, பிக்கப் போன்ற சரக்கு வண்டிகளின் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பானெட், பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்குப் பகுதிச் சேதம் வராது. கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஐ.எம்.டி. 23’ சேர்த்திருந்தால்தான் வரும். ஆலங்கட்டி முதலில் அடிப்பது இவற்றைத்தான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, துளை போடும் பாயிண்டில் நிற்கும்போது கவிழ்ந்தால் ‘ஐ.எம்.டி. 47’ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாலிசித் தாளில் இந்த எண்கள் அச்சாகியிருக்கின்றனவா என்று தேடுங்கள்.

இழுத்தடித்தால், மறுத்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆவணம் போதவில்லை என்பதற்காக மட்டும் க்ளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூன் சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 எண்ணிலும் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எங்கே போனாலும் க்ளெய்ம் எண், முதல் நாள் வீடியோ, சர்வேயர் அறிக்கையின் நகல் ஆகிய மூன்றையும் இணையுங்கள். அறிக்கை நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.