கடைத்தெரு சுகாதாரம்: சூரத் நகரம் தரும் பாடம்



ஒரு மளிகைக் கடைக்கு வந்து போகும் அதிகாரிகளை எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதாது. தொழில் உரிமத்துக்கு நகராட்சி, சரக்கின் தரத்துக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர், தராசு முத்திரைக்குத் தொழிலாளர் துறை, வரிக்கு வணிக வரித்துறை, லாரி நிற்பதற்குப் போக்குவரத்துக் காவல், பிளாஸ்டிக் பைக்கு மறுபடியும் நகராட்சி. கடைக்குள் வந்து கேள்வி கேட்க இத்தனை பேர் உண்டு. ஆனால் கடை வாசலில் ஓடும் சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது என்பதற்கு மட்டும் நேரான பதில் கிடைக்காது.

எங்கள் பஜாரில் நடந்ததையே சொல்கிறேன். சாக்கடை ஓர் அலுவலகத்துக்குச் சொந்தம். அதன் மேலே போகும் ரோடு இன்னோர் அலுவலகத்துக்கு. ரோட்டுக்குக் கீழே போகும் தண்ணீர்க் குழாய் வேறொருவர் பொறுப்பு. கேபிள் போடத் தோண்டியவர்கள் சிமெண்ட் மூடியை உடைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் எந்த அலுவலகம் என்பதே தெரியவில்லை. மனு கொடுத்த இடத்தில் எல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். "இது எங்கள் வரம்பில் வராது" என்பதையும் மரியாதையாகவே சொன்னார்கள். இரண்டு மழைக்காலம் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. கிட்டங்கியில் அடிவரிசை மூட்டைகள் நனைந்தது கடைக்காரர் கணக்கில் சேர்ந்தது.

இப்படி அலுவலகங்களுக்கு நடுவே விழுந்துவிடும் வேலைகளால் ஒரு பெரிய வியாபார நகரமே 1994-ல் நிலைகுலைந்தது. அதே நகரம் இரண்டே வருடத்தில் எழுந்தும் நின்றது. ஜவுளிக்கும் வைரப் பட்டறைக்கும் பெயர் போன குஜராத் மாநிலத்துச் சூரத் நகரத்தைத்தான் சொல்கிறேன். நம்மைப் போன்ற வியாபாரிகள் நிறைந்த ஊர் என்பதால் அந்தக் கதையை நாம் கொஞ்சம் விவரமாகவே படிக்க வேண்டும்.

கதை சூரத்தில் தொடங்கவில்லை, மகாராஷ்டிரத்தில் தொடங்குகிறது. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் லாத்தூர் பகுதியில் கடும் பூகம்பம் ஏற்பட்டது. சுற்று வட்டாரங்களில் பயந்துபோன ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறித் தற்காலிகக் குடிசைகளில் தங்கினார்கள். விளைந்த தானியத்தை ஆளில்லாத பழைய வீடுகளில் கொட்டி வைத்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாமல் தானியம் மட்டும் இருக்கும் இடத்தில் எலி என்ன செய்யும் என்பதைத் தானிய வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994 ஆகஸ்டில் பீட் மாவட்டத்தில் மாம்லா என்ற கிராமத்தில் எலிகள் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்களுக்கு நெறிகட்டிக் காய்ச்சல் வந்தது. பல வருடங்களாக நாட்டில் கேள்விப்படாத பிளேக் நோய் திரும்பிவிட்டது என்று செய்தி வந்தது.

அடுத்த மாதமே சூரத்தில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் என்ற பேச்சு எழுந்தது. இது இருமலிலேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியது. அந்த வருடம் அங்கே நல்ல மழை, தாப்தி ஆற்றில் வெள்ளம். தாழ்வான பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. செத்த கால்நடைகளும் குப்பையும் அள்ளப்படாமல் கிடந்தன. தொழில் தேடி வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நெருக்கமாக வாழ்ந்த குடிசைப் பகுதிகள் அவை. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சாவுச் செய்தி பரவியதும் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கான பேர் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊரைவிட்டு ஓடினார்கள். தனியார் மருத்துவர்களிலேயே பலர் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது.

நாடு முழுவதும் இறந்தவர்கள் என்று கணக்கில் வந்தது ஐம்பதுக்குச் சற்று மேல். ஓர் உயிரும் பெரிதுதான். ஆனால் வியாபார நஷ்டத்துக்கு எல்லையே இல்லாமல் போயிற்று. வெளிநாட்டு விமானங்கள் சில நிறுத்தப்பட்டன. சில நாடுகள் இந்திய உணவுப் பொருள்களை வாங்குவதற்குத் தடை போட்டன. சூரத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும்: எங்கோ ஒரு நகரத்தில் குப்பை அள்ளாத குற்றத்துக்கு, துறைமுகத்தில் நின்ற யாரோ ஒருவருடைய சரக்கு தண்டம் கட்டியது.

இங்கே எலியைப் பற்றி ஒரு வார்த்தை. நெறிகட்டும் பிளேக் பெரும்பாலும் எலியிடமிருந்து நேராக வருவதில்லை. எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சிதான் அதைக் கொண்டுவருகிறது. எலி செத்தால் அந்தப் பூச்சி வேறு உடம்பைத் தேடும். ஆகவே நோய் இருக்கும் இடத்தில் முதலில் பூச்சி மருந்து அடித்துவிட்டுத்தான் எலியைக் கொல்ல வேண்டும். மருந்து அடிப்பது ஒரு பிரிவு, எலி பிடிப்பது இன்னொரு பிரிவு, செத்த எலியை அப்புறப்படுத்துவது மூன்றாவது பிரிவு என்று இருந்து, மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் வேலை செய்தால், வேலை செய்ததே கெடுதலாக முடியும். நோய் இல்லாத சாதாரண நாளிலும் இதே கதைதான். ஒரு கடைக்காரர் மட்டும் எலி விரட்டினால் அது பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வரும். தெரு முழுவதும் ஒரே சமயத்தில் செய்து, அதே வாரத்தில் சாக்கடையையும் சுத்தம் செய்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தால்தான் பலன் நிற்கும். முதல் வேலை நம்முடையது, மற்ற இரண்டும் நகராட்சியுடையது.

சரி, சூரத் எப்படி எழுந்தது? 1995 மே மாதத்தில் எஸ்.ஆர். ராவ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி அங்கே மாநகராட்சி கமிஷனராக வந்தார். புதுச் சட்டம் எதுவும் அவர் கொண்டுவரவில்லை. இருந்த சட்டத்தையே நடத்திக் காட்டினார். அவர் செய்தவற்றில் முக்கியமானது, நகரத்தை ஆறு மண்டலங்களாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பு அதிகாரியைப் போட்டு, கமிஷனருக்கு உள்ள அதிகாரத்தை அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அந்த மண்டலத்தில் ரோடும், சாக்கடையும், குப்பையும், சுகாதாரமும் அந்த ஒருவர் கையில். "எங்கள் வரம்பில் வராது" என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை.

இரண்டாவது, அதிகாரிகள் காலை நேரத்தில் அறையில் உட்காரக் கூடாது, தெருவில் இருக்க வேண்டும் என்றார். பிற்பகலில் எல்லோரும் ஓர் இடத்தில் கூடி, காலையில் பார்த்ததைப் பேசி அங்கேயே முடிவெடுக்க வேண்டும். வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை என்று இல்லாமல் தினசரி நடந்த கூட்டம் இது. கடையில் இரவு கல்லாவை எண்ணாமல் மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் வியாபாரி எத்தனை நாள் தாங்குவார்? அதே விஷயம்தான். பெரிய ரோடுகளை இரவில் கூட்ட ஏற்பாடு செய்தார்கள். காய்ச்சல், பேதி எத்தனை பேருக்கு என்ற கணக்கை அரசு மருத்துவமனையிலிருந்து மட்டுமல்லாமல் தனியார் மருத்துவர்களிடமிருந்தும் வாங்கினார்கள். ஒரு தெருவில் பேதி கூடினால் அந்தத் தெருவின் குடிநீர்க் குழாயைப் பார்க்க அன்றைக்கே ஆள் போயிற்று.

வியாபாரிகளுக்கு இதில் கசப்பும் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. சுத்தமில்லாத ஓட்டல்களைப் பூட்டினார்கள். வாசலில் குப்பை கொட்டியதற்கு அபராதம் போட்டார்கள், மறுபடி கொட்டினால் அதிகமாகப் போட்டார்கள். ரோட்டை ஆக்கிரமித்த கட்டடங்களை இடித்தார்கள். ஆனால் முதலில் கை வைத்தது செல்வாக்குள்ளவர்களின் கட்டடத்தில். பெரிய இடத்தில் இடித்ததைப் பார்த்த பிறகு சின்னக் கடைக்காரர்களில் பலர் தாங்களாகவே படியை உள்ளே தள்ளிக்கொண்டார்கள். நம் ஊர்களில் ஆக்கிரமிப்பு அகற்றுதல் என்றால் தள்ளுவண்டியில் ஆரம்பித்து மளிகைக் கடைப் படியோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் அடுத்த மாதமே படி திரும்பவும் முளைக்கிறது.

1996-ல் இன்டாக் அமைப்பு எடுத்த மதிப்பீட்டில், சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று சூரத் பெயர் வாங்கியது. நல்ல அதிகாரி போனால் எல்லாம் போய்விடும் என்பார்கள். ராவ் மாறிப்போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பின்பும், மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு தூய்மைக் கணக்கெடுப்பில் இந்தூரும் சூரத்தும் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. மண்டல முறையும் தினசரிக் கணக்கும் ஆளோடு போகாமல் அலுவலக வழக்கமாகவே பதிந்துவிட்டதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

நம் பக்கத்தில் இதற்கு எதிரான அனுபவம் ஒன்று உண்டு. 2020-ல் கோயம்பேடு. 1996-ல் கொத்தவால்சாவடியிலிருந்து இடம் மாறிய அந்த மார்க்கெட் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் உள்ள நிர்வாகக் குழுவின் பொறுப்பில் இருப்பது. நகரத்தின் சுகாதாரம் மாநகராட்சி பொறுப்பு. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது காவல்துறை. கொரோனா ஊரடங்கின்போது சில்லறைக் கூட்டத்தை எப்படிப் பிரிப்பது, எந்தக் கடைகளை எங்கே மாற்றுவது என்று ஏப்ரல் மாதம் முழுவதும் பேச்சு இழுத்தது. இடம் மாற வியாபாரிகளும் எளிதில் சம்மதிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முடிவில் மே 5-ஆம் தேதி மார்க்கெட்டே மூடப்பட்டது. அங்கிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்கள் வரை தொற்று போனது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், மழையில் சேற்றில் நின்று, செப்டம்பர் கடைசியில்தான் திரும்பியது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு எடுத்திருந்தால் இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்த மேஜை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். கமிஷனர் அல்லது தலைமை நிர்வாக அதிகாரி அதன் தலைவர். உள்ளாட்சியின் மருத்துவ அதிகாரி, திட்டக் குழுமம், போக்குவரத்துக் காவல், சட்டம் ஒழுங்குக் காவல் ஆகியோர் அதில் உண்டு. உறுப்பினர்களில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் தெருவோர வியாபாரிகள். அத்துடன் மார்க்கெட் சங்கம், வணிகர் சங்கம் இவற்றின் பிரதிநிதிகளுக்கும் இடம் என்று சட்டம் சொல்கிறது. "அது தள்ளுவண்டிக்காரர்கள் சமாச்சாரம்" என்று நம்மவர்கள் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். சுகாதார அதிகாரியும் போலீசும் கமிஷனரும் சேர்ந்து உட்காரும் இடத்தில் நமக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது. அது காலியாகக் கிடக்கக் கூடாது.

மற்றொன்று, 2022-லிருந்து நம் மாநில நகரங்களில் நடக்கும் வார்டு குழு, பகுதி சபைக் கூட்டங்கள். இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. பலருக்கு வீடு ஒரு வார்டில், கடை வேறு வார்டில். ஓட்டு வீட்டுப் பக்கம் இருப்பதால் கடைத்தெருக் கவுன்சிலருக்கு நாம் தேவைப்படுவதில்லை. ஆகவே தனி ஆளாகப் போவதைவிடச் சங்கத்தின் பெயரில் கடிதத்தோடு போவது நல்லது.

போகும்போது "சாக்கடை நாறுகிறது" என்று பொதுவாக எழுதிப் பயனில்லை. ஒரு தாளில் தெருவின் படம் போட்டு, எந்தக் கடை எண்ணிலிருந்து எந்தக் கடை எண் வரை அடைப்பு, ரோடு யாருடையது, குழாய் யாருடையது, குப்பை லாரி எத்தனை மணிக்கு வருகிறது, எந்தெந்த நாள் வரவில்லை என்று குறித்துக் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு என்று நகல் கொடுத்தோமோ அதையும் தாளின் அடியிலேயே எழுத வேண்டும். மறு பக்கத்தில் நம் பங்கையும் எழுதலாம்: சாக்கடை மேல் அடுக்கிய பலகை, டின், சாக்கு எல்லாம் எந்தத் தேதிக்குள் எடுக்கப்படும், கிட்டங்கியில் மூட்டைகள் மரச்சட்டத்தின் மேல் சுவரை ஒட்டாமல் எந்தத் தேதிக்குள் மாற்றி அடுக்கப்படும், தெரு முழுவதும் எலி ஒழிப்பு எந்த வாரம் என்று. அந்த வாரத்தைச் சாக்கடை வாரும் வாரமாகவே வைத்துத் தருமாறு சுகாதார அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால், ஐப்பசி மழைக்கு முன்பே இரண்டு வேலையும் சேர்ந்து முடியும்.