தமனிக்குள் ஒரு தணல்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். கிருமிகளை எதிர்க்க இரத்த வெள்ளையணுக்கள் அங்கே திரண்டு வருவதன் அடையாளம் இது. இதே போராட்டம் இதயத் தமனியின் சுவருக்குள், வலியே தெரியாமல், பல்லாண்டுகள் நடந்தால் என்ன ஆகும்?

இதயத் தசைக்கு இரத்தம் அளிக்கும் இத்தமனிகள் சில மில்லிமீட்டர் விட்டமே உள்ளவை. தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல இவற்றில் கொழுப்புப் படிந்து அடைத்துக்கொள்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் தமனி உயிருள்ளது. கொழுப்புச் சேர்வதும் அதன் சுவருக்குள்தான்.

புகை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை தமனியின் உட்படலத்தைச் சிதைக்கின்றன. கொலஸ்டிராலைச் சுமந்துவரும் எல்.டி.எல். துகள்கள் அப்படலத்தைக் கடந்து சுவருக்குள் தங்கி, வேதி மாற்றம் அடைகின்றன. வெள்ளையணுக்கள் நுழைந்து அவற்றை விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க இயலாமல் நுரைபோல் உப்பி, அங்கேயே மடிகின்றன. இவ்வாறு உண்டாகும் கொழுப்புத் திட்டின்மேல் நார்த்திசு ஒரு மூடிபோல் படர்கிறது.

அழற்சி நீடித்தால் வெள்ளையணுக்கள் சுரக்கும் நொதிகள் அம்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்ததும் அவ்விடத்தில் இரத்தம் உறைகிறது. உறைகட்டி தமனியை அடைத்தால் மாரடைப்பு. பாதிகூட அடைபடாத தமனியிலும் சில வேளைகளில் திடீரென மாரடைப்பு நேர்வதற்குக் காரணம் இதுவே.

தமனிச் சுவரில் நடப்பது அழற்சியே என்று ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1850-களிலேயே கூறினார். இதைச் சோதித்தறிந்த ஒரு பெரிய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. முன்பே மாரடைப்பு ஏற்பட்டு, இரத்தத்தில் அழற்சிக்கான குறியும் மிகுந்திருந்த 10,061 பேர் அதில் பங்கேற்றனர். கொடுக்கப்பட்ட கனகினுமாப் என்ற மருந்து கொலஸ்டிராலைக் குறைப்பதில்லை; அழற்சியை மட்டும் தணிக்கும். 150 மில்லிகிராம் அளவில் அதைப் பெற்றவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதய-இரத்தக்குழாய் நோயால் மரணம் ஆகியவை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தன. விர்ச்சோவின் கருத்துக்கு வலுவான சான்று கிடைத்தது.

ஆனால் மருந்து பெற்றோரில் தொற்று நோயால் இறந்தவர்கள் சற்று அதிகம். ஏன்? அழற்சி நம் உடலின் காவலும் அல்லவா! காவலை முடக்கினால் கிருமிகளுக்கு வழி திறந்துவிடும்.

எனவே தணலை அணைப்பதினும் அதை மூட்டாதிருப்பதே நன்று. கொழுப்புக் கீற்றுகள் உங்கள் வயதிலேயே தமனிகளில் தோன்றத் தொடங்கலாம். நாள்தோறும் ஓடியாடி விளையாடுங்கள். யாரேனும் முதல் சிகரெட்டை நீட்டினால், அந்த மெல்லிய உட்படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.