குடலின் காவலன்

நுழையும்முன்

உடலைக் காக்கும் ஆற்றலே அளவு கடந்தால் உடலுக்குப் பகையாகிறது. குடலின் காவல் பணிக்கு ஆணையிடும் புரதமொன்று நோயை வளர்ப்பதாகவும் மாறும் விதத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மரபணுவை இயக்கும் புரதம்

நம் உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது. அவற்றுள் எந்த மரபணு எப்பொழுது செயற்பட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் புரதங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று ‘என்.எஃப். காப்பா பி’. 1986ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்தனர்.

இயல்பான நிலையில் இப்புரதம் செல்லின் சைட்டோபிளாசத்தில் அடங்கியிருக்கும். ‘ஐ காப்பா பி’ என்னும் தடைப்புரதம் இதனைப் பிணைத்து வைத்திருக்கும். நோய்க்கிருமிகள் நுழைந்ததும் தடைப்புரதம் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட காவலன் உட்கருவினுள் சென்று டி.என்.ஏ.வுடன் இணைந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை இயக்குகிறது; கிருமிகளை எதிர்க்கும் போர் தொடங்குகிறது. வியப்பு யாதெனில், தன்னைப் பிணைக்கும் தடைப்புரதத்திற்கான மரபணுவையும் அதுவே இயக்குகிறது. பணி முடிந்ததும் அடங்குவதற்கான வழி இதுவே.

காவல் பகையாதல்

குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றில் இவ்வடக்கம் குலைகிறது. இப்புரதத்தின் தூண்டலால் உருவாகும் ‘டி.என்.எஃப். ஆல்ஃபா’, மீண்டும் இப்புரதத்தையே தூண்டுகிறது. இச்சுழற்சியால் அழற்சி நீடித்துக் குடற்சுவர் புண்ணாகிறது. வயிற்றுவலி, நாட்பட்ட வயிற்றுப்போக்கு, மலத்தில் குருதி, எடை குறைதல் ஆகியன தோன்றுகின்றன.

அளவே மருந்து

அவ்வாறாயின், காவலனை முற்றிலும் முடக்கிவிடலாமே என்ற வினா எழும். குடலின் உட்பரப்புச் செல்களில் இப்புரதத்தின் செயற்பாட்டை ஆய்வாளர் எலிகளில் முடக்கினர். 2007இல் வெளியான அவ்வாய்வின்படி, அச்செல்கள் மடிந்தன. பாக்டீரியாக்கள் குடற்சுவரினுள் புகுந்தன. கடும் அழற்சி உண்டானது. காவல் மிகுந்தாலும் நோய், இல்லாதொழிந்தாலும் நோய்.

ஆகவே, மருத்துவம் அழற்சிச் சுழற்சியைத் தணிக்கவே முயல்கிறது. டி.என்.எஃப். ஆல்ஃபாவைத் தடுக்கும் இன்ஃபிளிக்சிமாப் என்னும் மருந்து, குரோன் நோய்க்காக 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும், இம்மருந்தால் காசநோய் போன்ற தொற்றுகள் தலைதூக்கக்கூடும் என்பதால் மருத்துவர் முன்கூட்டியே ஆய்ந்த பின்னரே இதனை அளிப்பர்.

அறிந்துகொள்வோம்

குடல் அழற்சி நோய்கள் பெரும்பாலும் இளம்பருவத்தில் தொடங்குகின்றன. மலத்தில் குருதி காணப்படின் கூச்சத்தால் மறைத்தல் கூடாது. பெற்றோரிடம் கூறி, மருத்துவரை நாடுவதே அறிவுடைமை. காலந்தாழ்த்தாத சிகிச்சை குடலைப் பெரும் சிதைவிலிருந்து காக்கும்.